இருநூறு மணி நேரத்துக்குப் பிறகு

கேள்வி: கேப்டன் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 41. சொந்த ஊர் கோவில்பட்டி. சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் புராஜெக்ட் மேனேஜராக இருக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 1 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் வருகிறது. மேடவாக்கத்தில் வீடு, அதன் கடனில் இன்னும் 28 லட்சம் பாக்கி. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. மகள் எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. சிறுவயதில் நாலாட்டின்புதூர் பக்கம் இருக்கும் பழைய விமான ஓடுதளத்துக்குச் சைக்கிளில் போய் உட்கார்ந்திருப்பேன். விமானம் ஒன்றும் வராது, ஆடுதான் மேயும். பைலட் ஆக வேண்டும் என்ற நினைப்பு அங்கேதான் முளைத்தது. அப்போது வீட்டில் வசதி இல்லை. இப்போது எங்கள் நிறுவனத்தில் ஆட்குறைப்பு தொடங்கியிருக்கிறது. என் முறை வருவதற்குள் நானே கிளம்பிவிடலாமா என்று தோன்றுகிறது. ஒரு பயிற்சிப் பள்ளியில் 65 லட்சம் ரூபாய், 18 மாதம் என்கிறார்கள். பி.எஃப். பணம் 22 லட்சம் இருக்கிறது. மீதிக்கு அம்மா பெயரில் உள்ள மனையை வைத்துக் கடன் வாங்கலாம். ரத்த அழுத்தத்துக்கு ஓராண்டாக ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். பள்ளியில் அதைச் சொன்னபோது, "வெளியே சொல்ல வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். மனைவியிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. இந்த வயதில் இது முட்டாள்தனமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டிருப்பது வயதைப் பற்றி. எனக்குக் கவலை தந்தது உங்கள் கடிதத்தின் கடைசி நான்கு வரிகள். அவற்றுக்குப் பிறகு வருகிறேன். வயது சின்னக் கணக்கு, முதலில் அதை முடித்துவிடலாம்.

பயணிகள் விமானத்தை 65 வயது வரை ஓட்டலாம். இன்று தொடங்கினால் தேர்வு, பயிற்சி, டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் தகுதி) எல்லாம் முடித்து, ஒரு நிறுவனத்தின் சீருடையோடு வலப்பக்க இருக்கையில், அதாவது கோ-பைலட்டாக, நீங்கள் அமரும்போது 45 அல்லது 46 ஆகியிருக்கும். கேப்டனாக ஏ.டி.பி.எல். என்ற உரிமம் வேண்டும். அதற்கே 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். நிறுவனங்கள் அதற்கு மேலும் எதிர்பார்க்கும். ஐந்தாறு ஆண்டு என்று வைத்துக்கொண்டால் 51, 52 வயதில் இடப்பக்க இருக்கை. அதன் பிறகும் பதின்மூன்று, பதினான்கு ஆண்டு மிச்சமிருக்கிறது. ஆகவே "காலம் கடந்துவிட்டது" என்று உறவினர் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 38 வயதில் வங்கி வேலையை விட்டுவிட்டு வந்த ஒருவருக்கு நானே ஸிமுலேட்டரில் (தரையில் இருக்கும் மாதிரி காக்பிட்டில்) பயிற்சி கொடுத்திருக்கிறேன். இன்று அவர் கேப்டன். தரையிறக்கம் என்னுடையதைவிட மென்மை.

வயது உங்களைத் தடுக்கும் இடம் வேறு. விமான நிறுவனங்களே பள்ளிகளோடு சேர்ந்து நடத்தும் கேடட் திட்டங்களில் வயது உச்சவரம்பு உண்டு. முப்பதுகளின் நடுவிலேயே அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. பணம் கூடுதலாகப் பிடுங்கினாலும், பயிற்சியின் முடிவில் ஒரு வேலை கண்ணுக்குத் தெரிகிற வழி அது ஒன்றுதான். அது உங்களுக்கு இல்லை. நீங்கள் சொந்தமாக உரிமம் வாங்கி, வேலைக்கு விளம்பரம் வரும்வரை வாசலில் நிற்க வேண்டியவர். அப்படி நிற்பவர்களை எடுக்கும் விளம்பரங்கள் சிலவற்றிலும் வயது வரம்பு இருக்கும். ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த ஆறு மாதம் வருகிற கோ-பைலட் விளம்பரம் ஒவ்வொன்றையும் எடுத்து வைத்து, 45 வயதில் எத்தனைக்கு நீங்கள் விண்ணப்பிக்க முடியும் என்று எண்ணுங்கள். பள்ளியின் வண்ணத்தாளைப் படிப்பதைவிட அது பயனுள்ள வாசிப்பு.

இனி அந்த மாத்திரை.

வணிக விமானிக்கு கிளாஸ் 1 மெடிக்கல் என்ற உடல்தகுதிச் சோதனை கட்டாயம். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் கிளாஸ் 2. அதில் தேறிய பிறகு கிளாஸ் 1. பெங்களூரில் விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம் இருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் முதல் கிளாஸ் 1-க்கு அங்கேதான் போய் வருவார்கள். கண், காது, நிறம் பிரித்தறிதல், ரத்தம், சிறுநீர், இதயம், எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருந்தால் பரவாயில்லை. மாத்திரையால் கட்டுப்பாட்டில் இருக்கும் ரத்த அழுத்தம் மட்டுமே ஒருவரைத் தரையில் உட்கார வைத்துவிடாது. எந்த மருந்து, எவ்வளவு காலமாக, இதயத்திலோ சிறுநீரகத்திலோ பாதிப்பு உண்டா என்று கேட்பார்கள். தற்காலிகமாகத் தகுதியில்லை என்று எழுதி, மருந்தை மாற்றிச் சில வாரம் கழித்து வரச் சொல்லலாம். சலிப்பூட்டும் அலைச்சல், ஆனால் வழி இருக்கிறது. மறைத்தால் அந்த வழியும் அடைபடும். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்ன பள்ளி ஊழியர் அல்லர். பத்தாண்டு கழித்து ஒரு பரிசோதனையில் பழைய மருந்துச் சீட்டு வெளியே வந்தால், அதுவரை சேர்த்த மணி நேரம் அத்தனையும் கேள்விக்குள்ளாகும்.

ஒரு மாணவரிடம் முதல் நாளே பொய் சொல்லச் சொல்லும் பள்ளி, பறந்த மணி நேரத்தைப் பதியும் அவருடைய லாக் புத்தகத்தில் எதை எழுதும்? எங்கள் தொழிலில் பழைய கிண்டல் ஒன்று உண்டு, "பார்க்கர் 51 மணி நேரம்" என்று. வானத்தில் பறக்காமல் பார்க்கர் பேனாவால் மட்டும் பறந்த மணி நேரம். 2011-இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் பிடிபட்டபோது, பறக்காமலே எழுதப்பட்ட மணி நேரக் கணக்குகளும் சேர்ந்து வெளியே வந்தன. அந்தப் பள்ளியை இன்றோடு மறந்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

மெடிக்கலை முதலில் முடிக்கச் சொல்வதற்குக் காரணம், அது சில ஆயிரம் ரூபாயில் முடிகிற சோதனை. 65 லட்சம் கட்டிய பிறகு அதே விடை கிடைத்தால் அந்தத் தொகையைத் திரும்ப வாங்க எந்த மேசைக்குப் போவீர்கள்? உரிமம் உள்ளவரை ஆண்டுதோறும் மெடிக்கல் தொடரும் என்பதையும் மனத்தில் வையுங்கள். 60 கடந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 24 வயதுப் பையனுக்கு அது ஒரு சடங்கு. நாற்பதுக்கு மேல் அது ஒவ்வோர் ஆண்டும் எழுதும் பரீட்சை, அதுவும் சர்க்கரை நம் வீடுகளில் விருந்தாளியாக இல்லாமல் குடும்ப உறுப்பினராகவே இருக்கிற ஊரில். வேலைக்குப் போன பிறகு, உரிமம் பறிபோனால் இழப்பீடு தரும் காப்பீட்டை எடுக்க மறக்காதீர்கள். ஆனால் பயிற்சிக் காலத்தில் உங்களைக் காக்க அது இருக்காது.

பணத்துக்கு வருவோம். நீங்கள் 65 லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பள்ளியின் கணக்கு. உங்கள் கணக்கு வேறு. சி.பி.எல்., அதாவது வணிக விமானி உரிமம், கையில் வந்ததும் ஏர்பஸ் ஏ320 அல்லது போயிங் 737 போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங் வேண்டும். அதற்கு 18 லட்சம் என்று வையுங்கள். பல இடங்களில் கூடுதலாகவே கேட்கிறார்கள். ஆக 83 லட்சம். வேலையை விட்டால் மூன்று ஆண்டுச் சம்பளம் போகிறது: 36 மாதம், மாதம் 1 லட்சத்து 90 ஆயிரம், ஏறத்தாழ 68 லட்சம். மொத்தம் ஒன்றரைக் கோடி. 18 மாதம் என்று பள்ளி சொன்னதை நான் மூன்று ஆண்டாக்கியதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

பி.எஃப். பணம் முழுவதையும் போட்டாலும் 61 லட்சம் துண்டு விழுகிறது. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் வங்கி சொத்தைப் பிணையாகக் கேட்கும். அதனால்தான் அம்மாவின் மனை உங்கள் கடிதத்துக்குள் வந்திருக்கிறது. 60 லட்சம், 11 சதவீத வட்டி, 12 ஆண்டு என்று போட்டுப் பார்த்தேன். மாதத் தவணை 75 ஆயிரம் ரூபாய். வீட்டுக்கடன் தவணை தனி. புதிய கோ-பைலட்டுக்கு முதல் ஓரிரு ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் இரண்டு லட்சத்துக்கும் நடுவே ஒரு சம்பளம் எதிர்பார்க்கலாம். இன்று வாங்குவதைவிட அது குறைவாகவும் இருக்கலாம். கேப்டன் ஆனால் நிலைமை தலைகீழாக மாறும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு உங்களுக்கு 52 வயது ஆக வேண்டும். அதற்குள் மகள் கல்லூரியை முடித்திருப்பாள். எட்டாம் வகுப்பு என்றால் இன்னும் ஐந்தாண்டில் கல்லூரி வாசல். நான் பார்த்தவரை, உங்கள் முதல் கோ-பைலட் சம்பளமும் அவளுடைய முதல் கல்லூரிக் கட்டணமும் ஒரே ஆண்டில் வருகின்றன. அதுவும் எல்லாம் சொன்ன தேதியில் நடந்தால்.

நடக்காமல் போகக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. பள்ளிகள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. சி.பி.எல்.லுக்கு 200 மணி நேரம் பறந்தால் போதும். அதில் 100 மணி நேரம் நீங்களே விமானத்தின் பொறுப்பாளராக. இருபது மணி நேரம் ஊர்விட்டு ஊர். அந்தப் பயணங்களில் ஒன்று 300 கடல் மைலுக்குக் குறையாமல். கருவிகளை மட்டும் பார்த்துப் பத்து மணி நேரம். இரவில் ஐந்து மணி நேரம். எல்லாம் முடிந்து உரிமத்தைச் சட்டமிட்டு மாட்டலாம். அந்த 200 மணி நேரத்தில் பெரும்பகுதி செஸ்னா 172 போன்ற ஒற்றை இன்ஜின் விமானத்தில் கழிந்திருக்கும். 180 பேரை ஏற்றிக்கொண்டு மும்பைக்குப் போகும் விமானத்துக்கு அது அரிச்சுவடி. அரிச்சுவடி முடித்தவர்கள் நாட்டில் ஏராளம். குறைவாக இருப்பது அனுபவம் உள்ளவர்கள்.

2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்த செய்தியை உங்களுக்கு யாராவது கட்டாயம் அனுப்பியிருப்பார்கள். 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்தபோது "நாட்டில் பைலட்டே இல்லை" என்ற பேச்சு எழுந்ததையும் கேட்டிருப்பீர்கள். விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக உயர்த்தி, இரவுப் பணியைக் குறைத்த புதிய விதிகளுக்கு முன்கூட்டியே தயாராகாததால் வந்த நெருக்கடி அது. அன்று தேவைப்பட்டவர்கள் மறுநாள் காலை ஏ320-இல் ஏறி ஓட்டக்கூடிய கேப்டன்களும் கோ-பைலட்டுகளும். 200 மணி நேரத்துக்காரர் ஒருவரை அப்படித் தயாராக்க ஓர் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட ஆகிறது. அவரைத் தயாராக்கவே ஒரு கேப்டனின் நேரம் செலவாகிறது. பற்றாக்குறை முற்றும்போது நிறுவனங்கள் புதியவர்களை எடுக்கத் தயங்கும் விந்தை இதனால்தான்.

ஒரு நிறுவனம் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2012-இல் கிங்ஃபிஷர், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட். நம் பக்கம் பாரமவுன்ட் 2010-இல் நின்றது. கோவையிலிருந்து கிளம்பிய ஏர் கார்னிவல் ஓர் ஆண்டுகூடத் தாங்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான மணி நேர அனுபவம் உள்ளவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் வரிசையின் முன்னால் போய் நிற்பார்கள். 200 மணி நேரத்துக்காரர் இன்னும் நூறு பேர் பின்னால் தள்ளப்படுவார். கொரோனாவில் 2020 மார்ச் 25 முதல் மே 25 வரை உள்நாட்டு விமானங்கள் முழுதாக நின்றன. அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் புதிதாக எடுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த நேரத்தில் உரிமம் வாங்கியிருந்த பிள்ளைகளுக்குத் தந்தையின் ஓய்வூதியம் இருந்தது. உங்கள் வீட்டில் தந்தை நீங்கள்.

காத்திருப்பதற்கும் செலவு உண்டு. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கத் தகுதி தரும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை ஆண்டுதோறும் சோதனை கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பறக்க வேண்டும். பறக்க ஒரு மணி நேரத்துக்குப் பத்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் நடுவே ஆகும், இரட்டை இன்ஜின் என்றால் அதைவிட மிக அதிகம். டைப் ரேட்டிங்கை அவசரப்பட்டுச் சொந்தச் செலவில் முடித்தவர்கள் 737-ஐக் கற்றுக்கொண்டு ஏ320 நிறுவனத்தின் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி எங்கள் வட்டாரத்தில் வழக்கம். வேலைக்கு எடுத்துக்கொண்ட பிறகும், வர வேண்டிய விமானங்கள் தொழிற்சாலையிலிருந்து வந்து சேராமல் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

பதினெட்டு மாதம் ஏன் மூன்றாண்டு ஆகிறது என்று சொல்வதாகச் சொன்னேன். பருவமழையில் வாரக்கணக்கில் பறக்க முடியாது. வடக்கே என்றால் குளிர்கால மூடுபனி. விமானம் பழுது பார்க்கப் போகும், உதிரிபாகம் வராது. பயிற்றுநர் வேலை கிடைத்துப் போய்விடுவார். பயணிகள் விமானம் வந்து போகும் நிலையத்தில் பள்ளி இருந்தால், உங்கள் செஸ்னா ஓடுதளத்தின் ஓரத்தில் இன்ஜினை ஓடவிட்டபடி முறைக்குக் காத்திருக்கும். 2025 அக்டோபரில் டி.ஜி.சி.ஏ. முதன்முறையாகப் பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிட்டது. "ஏ" பிரிவில் ஒரு பள்ளியும் இடம்பெறவில்லை.

பள்ளியைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லும் வழி எளியது. முன்கூட்டிச் சொல்லாமல், மழை இல்லாத ஒரு வார நாளில், காலை ஆறு மணிக்குப் போய் வேலிக்கு வெளியே நில்லுங்கள். எத்தனை விமானம் மேலே போகிறது என்று எண்ணுங்கள். பத்து மணிக்கு உள்ளே போய், மொத்தம் எத்தனை விமானம், எத்தனை மாணவர் என்று கேளுங்கள். கொட்டகைக்குள் இன்ஜின் இல்லாமல் நிற்பவற்றையும் அவர்கள் கணக்கில் சேர்த்திருப்பார்கள், கழித்துக்கொள்ளுங்கள். போன ஆண்டு சேர்ந்த மாணவனைத் தேநீர்க் கடையில் பிடித்து, இந்த மாதம் எத்தனை மணி நேரம் பறந்தாய் என்று கேளுங்கள். கட்டணம் முழுவதையும் முன்பணமாகக் கேட்டால், பள்ளி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பறக்கப் பறக்கத்தான் பணம். (உங்கள் ஊர் ஓடுதளத்தில் பயிற்சிப் பள்ளி கொண்டுவர தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ முனைந்திருப்பது எனக்கும் தெரியும். நாலாட்டின்புதூரில் ஆட்டுக்குப் பதில் செஸ்னாவைப் பார்க்க எனக்கும் ஆசைதான். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.)

நாற்பதைத் தாண்டியவர்கள் உண்மையில் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைப் பயிற்றுநராகச் சொல்கிறேன். வானில் அவர்கள் நன்றாகவே பறப்பார்கள். படிப்பில் இளையவர்களைவிட ஒழுங்கு. தவறு செய்தால் உடனே ஒப்புக்கொள்வார்கள். அந்தக் குணம் இருபது வயதில் அரிது. சிக்கல் ஸிமுலேட்டரில் வரும். 43 வயதில் வந்த ஒருவர், பெரிய பதவியில் இருந்தவர். ஓடுதளத்தில் வேகமெடுத்து வி-ஒன் என்ற வேகத்தைத் தாண்டிய கணத்தில் இன்ஜினில் தீ என்ற எச்சரிக்கை மணி. அந்த வேகத்தைத் தாண்டினால் நிறுத்தக் கூடாது, மேலே எழும்பியாக வேண்டும். 400 அடி தாண்டும்வரை தீயைப் பற்றி ஒன்றும் செய்யக் கூடாது, விமானத்தை நேராக வைத்திருப்பது மட்டுமே வேலை. பிறகு மனப்பாடமான சொற்கள், மனப்பாடமான கைகள். அவர் என்ன செய்தார் தெரியுமா? யோசித்தார். இருபது ஆண்டாக யோசிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். 23 வயதுப் பெண் ஒருத்தி அதே பயிற்சியைத் தாளம் பிடித்ததுபோல முடித்துவிட்டுப் போனாள். அவருக்குக் கூடுதல் அமர்வுகள் தேவைப்பட்டன, அவற்றுக்கும் பணம். மூன்றாவது முறையும் சரியாக வராதபோது அவரே போதும் என்று சொல்லிவிட்டார். அந்த மாலை அவரோடு குடித்த காபியை நான் மறக்கவில்லை.

உங்களுக்கும் அப்படித்தான் ஆகும் என்று சொல்ல வரவில்லை. முன்னால் சொன்ன வங்கிக்காரர் மூன்று மாதம் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டிய காக்பிட் படத்தைத் தொட்டுத் தொட்டு மனப்பாடம் செய்தார். அவருடைய மனைவி எதிரில் உட்கார்ந்து கையேட்டைப் பிடித்தபடி தப்பு கண்டுபிடிப்பாராம். 29 வயதுக் கேப்டன் பக்கத்தில் 46 வயதில் உட்கார்ந்து, "சரி, கேப்டன்" என்று முழு மனத்தோடு சொல்லவும் அவரால் முடிந்தது. உங்களுக்குக் கீழே இப்போது எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. சீனியாரிட்டி என்பது சேர்ந்த தேதியை வைத்து. வயதுக்கு அங்கே மரியாதை உண்டு, முன்னுரிமை இல்லை.

மனைவியிடம் முழுதாகச் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒன்றரைக் கோடி ரூபாய்த் திட்டத்தில் வீட்டின் பாதிப் பங்குதாரருக்குத் தகவல் இல்லை. மூன்றாண்டு அவர் சம்பளத்தில் வீடு ஓட வேண்டும். பிறகு உங்கள் பேஸ், அதாவது பணிக்குக் கிளம்பும் ஊர், தில்லியோ கொல்கத்தாவோ ஆகலாம். காலை ஐந்து மணி விமானத்துக்கு இரவு இரண்டு மணிக்கு எழுந்து போவீர்கள். மகனின் ஆண்டுவிழா அன்று ராஞ்சியில் ஒரு ஓட்டல் அறையில் இருப்பீர்கள். என் மகளின் முதல் பத்துப் பிறந்தநாளில் நான்கில்தான் நான் வீட்டில் இருந்தேன். அதை என் மனைவி இன்றும் எண்ணி வைத்திருக்கிறார். 2025 ஜூனில் நடந்த ஆமதாபாத் விபத்துக்குப் பிறகு எந்த வீட்டிலும் இந்தப் பேச்சு எளிதில்லை. உங்கள் அம்மாவின் மனையைக் கேட்கப் போகும் நாளில் முதலில் வரும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். பயணிகள் விமானத்தைவிடப் பழைய மகாபலிபுரம் சாலையில் தினமும் வண்டி ஓட்டுவது ஆபத்து என்று தைரியமாகச் சொல்லலாம். ஒற்றை இன்ஜின் பயிற்சி விமானத்தைப் பற்றி அதே தைரியத்தோடு சொல்லாதீர்கள்.

ஆக, என் தீர்ப்பு: நீங்கள் எழுதியிருக்கும் திட்டப்படி, அதாவது இப்போதே ராஜினாமா, மனை அடமானம், முழு பி.எஃப்., அந்தப் பள்ளி என்ற வழியில் போகாதீர்கள். ஆட்குறைப்புப் பயத்தில் எடுக்கும் முடிவு இது என்ற வாசனையும் உங்கள் கடிதத்தில் அடிக்கிறது. ஒரு நிலையற்ற தொழிலிலிருந்து தப்பிக்க, அதைவிட நிலையற்ற தொழிலுக்குக் கடன் வாங்கிக்கொண்டு போவதை நான் எப்படி ஆமோதிப்பேன்?

வேலையில் இருந்தபடியே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. இந்த மாதம் கிளாஸ் 2, பிறகு கிளாஸ் 1, மாத்திரைச் சீட்டோடு. தேறினால் டி.ஜி.சி.ஏ.விடம் தேர்வு எழுதுவதற்கான பதிவெண்ணை, அதாவது கம்ப்யூட்டர் நம்பரை, வாங்குங்கள். அதற்கு உங்கள் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் உண்மைத்தன்மைச் சான்று கேட்பார்கள். கல்லூரிச் சாலையில் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர் மாறிய பழைய டி.பி.ஐ. வளாகத்துக்குள் இருக்கும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு ஒரு நடை. பிறகு தேர்வுகள்: நேவிகேஷன், வானிலையியல், விமான விதிகள், டெக்னிக்கலில் பொதுவும் குறிப்பிட்ட விமானத்துக்கு உரியதும், வானொலித் தொடர்புக்கான ஆர்.டி.ஆர். என்ற தேர்வு. அதற்கு முன் சொன்ன தாள்களில் 70 சதவீதம் வேண்டும். மாலை வகுப்பு, வார இறுதி வகுப்பு இருக்கிறது. நேவிகேஷனும் வானிலையும் அலுவலகம் முடிந்து வந்து படித்துத் தேறிவிட்டீர்கள் என்றால், உங்கள் ஆசையை நாலாட்டின்புதூர் ஆடுகளுக்கு அப்பாலும் எடுத்துப் போக முடியும் என்று நானே ஒப்புக்கொள்வேன். ஆகும் செலவு ஓரிரு லட்சத்தைத் தாண்டாது. ஓர் ஆண்டு ஓடிவிடும். அதற்குள் உங்கள் நிறுவனம் என்ன செய்யப் போகிறது என்பதும் தெரிந்துவிடும். வீட்டுக்கடனை எவ்வளவு குறைக்க முடியுமோ குறையுங்கள்.

அந்தக் கட்டத்தில், வீட்டுச் செலவுக்கு மூன்றாண்டுத் தொகை தனியாக வங்கியில் இருந்து, கடன் 30 லட்சத்துக்குள் அடங்கி, மனைவியும் சரி என்றால், மேலே போங்கள். நானே பள்ளி பார்க்க உடன் வருகிறேன். அந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பி.பி.எல்., அதாவது சொந்தமாகப் பறப்பதற்கான தனியார் விமானி உரிமம், வாங்குங்கள். 40 மணி நேரம், கிளாஸ் 2 மெடிக்கல் போதும், வேலையை விட வேண்டியதில்லை. சம்பளத்துக்குப் பறக்க முடியாதே தவிர, உங்கள் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பறக்கலாம். அதை ஆறுதல் பரிசு என்று நினைக்காதீர்கள். சம்பளத்துக்குப் பறந்த 34 ஆண்டில் நான் விரும்பிய நேரத்தில், விரும்பிய திசையில் விமானத்தைத் திருப்பியது ஒருமுறைகூட இல்லை.

இன்னொன்று, மெடிக்கலுக்கு முந்தைய நாள் இரவு நன்றாகத் தூங்குங்கள், காலையில் காபி குடிக்காதீர்கள், மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போடுங்கள். அதை நிறுத்திவிட்டுப் போய் நின்றவர்கள் பலர், அழுத்தம் எகிறித் திரும்பி வந்தவர்களும் அவர்களே. முடிவு எதுவானாலும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற உங்கள் கேப்டன்